மருத்துவர் அறைக்கு வெளியே நடக்கும் மருத்துவம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் அப்போது பணியாற்றிய மருத்துவமனை ஒன்றுக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். குழித்தறியில் நாள் முழுவதும் குனிந்து அமர்ந்து வந்த முதுகுவலி. அதனுடன் பத்தாண்டுகளாக நீரிழிவு. நாங்கள் அவரைப் பரிசோதித்தோம். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். மாத்திரைகளைத் தொடரச் சொன்னோம். காலை எட்டு மணிக்கு வந்தவர் இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியபோது மணி இரண்டு. ஒரு நாள் தறி வேலை போயிற்று.

அன்று மாலை அவருடைய பரிசோதனை முடிவு வந்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. சிறுநீரகம் தளரத் தொடங்கியிருப்பதற்கான அடையாளம் அது. அந்தத் தாள் உரிய கோப்பில் ஒழுங்காகச் செருகப்பட்டது. கோப்பு பதிவேட்டு அறைக்குச் சென்றது. அதை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து, கால்கள் வீங்கிய நிலையில் அவர் மீண்டும் வந்தார். இடைப்பட்ட காலத்தில் முதுகுவலிக்காகக் கடையில் வலிநிவாரணி மாத்திரைகளை வாங்கி விழுங்கியிருந்தார். தளர்ந்த சிறுநீரகத்துக்கு அவ்வகை மாத்திரைகள் பெரும்பாலும் கேடு விளைவிப்பவை. “முடிவைக் கேட்க ஏன் வரவில்லை?” என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. “நீங்க கூப்பிடலையே சார். அப்போ நல்லாத்தானே இருக்கும்னு இருந்துட்டேன்” என்றார்.

அவருக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஆனால், அந்த நான்கு மாதங்களில் அவருடைய சிறுநீரகங்கள் இழந்த திறனில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. நோயை அறிவதில் நாங்கள் தவறவில்லை. எழுதிய பரிசோதனையும் சரியானதே. ஆய்வகமும் சரியாகவே அளந்தது. ஒரு தாள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செல்லும் வழியில்தான் தவறு நேர்ந்தது. அந்த வழியைப் பொறுப்பேற்றுக் கவனிக்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை.

மருத்துவம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மருத்துவரும் மருந்தும். அவ்விரண்டுக்கும் இடையே வரிசை, சீட்டு, கோப்பு, தொலைபேசி, மருந்து இருப்பு எனப் பலவும் உள்ளன. இவற்றை நடத்தும் முறையும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. அந்த முறையை எவ்வாறு சீராக்கலாம், அதில் எங்கள் கடமை எது, உங்கள் பங்கு எது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

மதுரை கற்றுத்தந்த பாடம்

இத்துறையில் உலகமே திரும்பிப் பார்த்த எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும், அந்தக் கைகளைப் பழக்கிக்கொண்டு கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர் அவர்.

அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: அறுவை மருத்துவரின் நேரம் எங்கே போகிறது? நோயாளியை அழைத்துவருவது, கண்ணைச் சுத்தம் செய்வது, சொட்டு மருந்து இடுவது, கருவிகளை அடுக்குவது, கட்டுப் போடுவது என எல்லாவற்றுக்கும் மருத்துவரே நின்றால், அவர் ஒரு நாளில் சிலருக்கே அறுவை செய்ய முடியும். ஆகவே, மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்பதைத் தனியே பிரித்தார்கள். ஏனைய பணிகளைச் செய்ய, சிற்றூர்களிலிருந்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து முறையான பயிற்சி அளித்தார்கள். அறுவை அரங்கில் இரண்டு மேசைகளை அருகருகே அமைத்தார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் பார்வை அளித்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை எளியவர்களுக்கு எட்டாமல் இருந்ததால், 1992-இல் அரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி வில்லைகளைத் தாங்களே உற்பத்தி செய்தார்கள்.

காஞ்சிபுரத்து வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒருவர் தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டுவதற்கு முன்பு எத்தனை பேருடைய வேலை முடிந்திருக்க வேண்டும்! சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், பாவு பிணைப்பவர், வீட்டில் தார் சுற்றும் பெரியவர்கள் என அத்தனை கைகளும் சேர்ந்தே ஒரு புடவை உருவாகிறது. கோர்வைப் புடவையாயின் மறுபக்கம் நாடா வாங்கித் தர இன்னொருவரும் வேண்டும். பாவில் அறுந்த இழையைப் பார்க்காமல் விட்டால், நெய்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் துணியில் அந்தக் குறை தெரியும். நாங்கள் பறிகொடுத்ததும் அத்தகைய ஓர் இழையைத்தான்.

காத்திருப்பின் கணக்கு

நோயாளிகள் எங்களிடம் மிகுதியாகக் கூறும் குறை காத்திருப்பு. அதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

ஒரு மருத்துவர் காலை 9 மணி முதல் 1 மணி வரை அமர்கிறார். ஒருவருக்கு 8 நிமிடம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 30 பேரைப் பார்க்கலாம். “முதலில் வருபவருக்கு முதல் சீட்டு” என்ற முறை இருந்தால், அந்த 30 பேரும் 9 மணிக்கே வந்துவிடுவார்கள். கடைசியில் இருப்பவர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் காத்திருப்பார். சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முப்பது பேருடைய காத்திருப்பையும் கூட்டினால் 58 மணி நேரம். ஒரு நெசவாளரின் ஏழு நாள் உழைப்புக்கும் மேற்பட்ட நேரம். உடன் வரும் உறவினரின் நேரம் இதில் சேரவில்லை.

அதே 30 பேரை மணிக்கு ஏழு அல்லது எட்டுப் பேராகப் பிரித்து 9, 10, 11, 12 என்று வரச் சொன்னால், சராசரிக் காத்திருப்பு அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மருத்துவர் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. சீட்டில் எழுதும் எண்ணுக்குப் பதிலாக நேரத்தை எழுத வேண்டும், அவ்வளவே.

இந்தச் சிந்தனை பழையது. 1952-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நார்மன் பெய்லி, வெல்ச் ஆகிய இருவர், புறநோயாளர் பிரிவில் நேரம் ஒதுக்குவது குறித்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். தொடக்கத்தில் இரண்டு நோயாளிகளை வரச் சொல்லுங்கள். பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறதோ, அந்த இடைவெளியில் மற்றவர்களை வரச் சொல்லுங்கள் என்பது அவர்கள் காட்டிய வழி. மருத்துவரும் சும்மா இருக்கமாட்டார். நோயாளியும் நெடுநேரம் காக்கமாட்டார்.

இங்கே ஓர் உண்மையை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன கணக்கு முழுவதும் மருத்துவர் 9 மணிக்கு வந்து அமர்ந்தால் மட்டுமே பொருந்தும். அவர் அரை மணி நேரம் தாமதித்தால், முப்பது பேருக்கும் அரை மணி நேரம் வீணாகிறது. கூட்டினால் 15 மணி நேரம். படுக்கைப் பிரிவில் ஒரு நோயாளி திடீரென்று மோசமானால் தாமதம் தவிர்க்க முடியாதது. ஆனால், எல்லாத் தாமதங்களும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. படுக்கைப் பிரிவுச் சுற்றைக் காலையில் முன்னதாகத் தொடங்குவது எங்கள் கையில் இருக்கிறது. தாமதம் நேரும்போது அதைக் காத்திருப்போரிடம் சொல்வதும் எங்கள் கடமையே. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால், ஒருவர் சென்று உணவருந்திவிட்டாவது வரலாம்.

உணவைக் குறிப்பிடக் காரணம் உண்டு. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வரும் நீரிழிவு நோயாளி, வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால், சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்கிவிழ நேரிடும். அத்தகையோருக்கு நாளின் முதல் நேரத்தை ஒதுக்குவதும், இரத்தம் கொடுத்தவுடன் உண்ணச் சொல்வதும் நிருவாகம் சார்ந்த செயல்களாகத் தோன்றலாம். அவை உயிர் காக்கும் செயல்கள்.

ஊருக்கு ஏற்ற நாட்குறிப்பு

நேரம் ஒதுக்கும் முறையைத் தொடங்கியபோது அது உடனே பலன் தரவில்லை. 11 மணிச் சீட்டு பெற்றவர்களும் 8 மணிக்கே வந்தார்கள். விசாரித்தபோது காரணம் விளங்கியது. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருவோருக்குக் காலையில் ஒரு பேருந்து. அதை விட்டால் அடுத்தது நெடுநேரம் கழித்தே. சிலருக்கு, நேரப்படி வந்தால் தம்மைக் கூப்பிட மறந்துவிடுவார்களோ என்ற ஐயம். ஆகவே, வெளியூரினருக்கு அவர்கள் வந்துசேரும் பேருந்தைக் கேட்டறிந்து நேரம் எழுதினோம். உள்ளூரில் இருப்போருக்குப் பிற்பகுதியை ஒதுக்கினோம். முன்பதிவின்றி வருவோருக்கென ஒவ்வொரு மணி நேரத்திலும் சில இடங்களை விட்டுவைத்தோம். காய்ச்சல் நேரம் குறித்துக்கொண்டு வருவதில்லை அல்லவா?

ஊரின் நாட்குறிப்பையும் பார்க்க வேண்டியுள்ளது. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவை நாளில் பெருங்கூட்டம் கூடும். அந்நாளில் முதியவர் ஒருவரை மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது, வரவேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். முகூர்த்த மாதங்களுக்கு முன்பு நெசவாளர்கள் தறியை விட்டு எழ இயலாமல் தவிப்பார்கள். அக்காலத்தில் அவர்களை அடிக்கடி அழைப்பதைவிட, நோய் கட்டுக்குள் இருந்தால், வேண்டிய நாட்களுக்கான மாத்திரைகளை ஒரே முறையில் கொடுப்பது நலம். 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் இவ்வூர் கண்ட வரிசைகளை நாம் மறந்திருக்கமாட்டோம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தரிசனத்துக்கு மக்கள் பொறுமையோடு நின்றார்கள். மாதந்தோறும் மாத்திரை வாங்க அதே பொறுமையை எதிர்பார்ப்பது முறையன்று.

சில நிமிடங்களுக்குள் என்ன செய்வது?

மருத்துவர் ஒருவருக்குச் செலவிடும் நேரம் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவத்தில் வங்கதேசத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைத்தது சராசரியாக 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. மருத்துவர்களின் எண்ணிக்கை ஒரே நாளில் பெருகிவிடாது. கிடைக்கும் நிமிடங்களை வீணாக்காமல் இருக்கலாம்.

எடை, இரத்த அழுத்தம், இப்போது உண்ணும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை ஆகியவற்றைச் செவிலியர் முன்னதாகவே பதிவுசெய்தால், மருத்துவர் தம் நேரம் முழுவதையும் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசச் செலவிடலாம். தொடக்கத்தில் எங்களில் சிலருக்கே இதில் தயக்கம் இருந்தது; “நாங்கள் கேட்க வேண்டியதைச் செவிலியர் கேட்பதா?” என்றார்கள். செவிலியரிடம்தான் நோயாளிகள் பலர் மனந்திறந்து பேசுகிறார்கள் என்பதைக் கண்ட பிறகு அத்தயக்கம் குறைந்தது. கடையில் வாங்கும் வலி மாத்திரையைப் பற்றி எங்களிடம் சொல்லாத பெண்மணி, செவிலியரை “அக்கா” என்று அழைத்து அதைச் சொல்லிவிடுகிறார்.

மாத்திரைப் பட்டியலை வலியுறுத்த மற்றொரு காரணமும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக, நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் பலருக்கு வீட்டிலேயே கிடைக்கின்றன. இது பெரும் நன்மை. ஆயினும், வீட்டில் பெறும் மாத்திரையும் நாங்கள் எழுதித் தருவதும் வெவ்வேறு பெயரில் இருக்கும் ஒரே மருந்தாக இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து உண்டால் அளவு இரட்டிப்பாகும். ஆகையால், எங்கிருந்து கிடைத்த மாத்திரையாயினும் அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

மருந்து இருப்பைக் காப்பதும் இத்தகைய ஒரு பணியே. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு கையேட்டை வழங்கியது. எவ்வளவு மருந்து எடுக்கலாம், எவ்வளவு எடுத்தாயிற்று என்பது அதில் தெரியும். பின்னர்ப் பிற மாநிலங்களும் இம்முறையைப் பார்த்துக் கற்றன. கணக்கு ஒழுங்காக இருக்கும் இடத்தில் “மருந்து தீர்ந்துவிட்டது” என்ற சொல் அரிதாகிறது.

மூன்றாவது கட்டம்

மீண்டும் அந்த நெசவாளரின் கோப்புக்கு வருவோம். அந்நிகழ்வுக்குப் பிறகு நாங்கள் கைக்கொண்ட மாற்றம், ஒரு சாதாரண நீளக் குறிப்பேடு. அதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் மூன்று கட்டங்கள்: பரிசோதனைக்கு எழுதிய நாள், முடிவு வந்த நாள், நோயாளிக்குச் சொன்ன நாள். மூன்றாவது கட்டம் நிரம்பும்வரை அந்தப் பரிசோதனை முடிந்ததாகக் கருதுவதில்லை. இயல்புக்கு மாறான முடிவுகளை மருத்துவர் ஒருவர் அன்றே பார்த்துக் கையொப்பமிட வேண்டும். குறிப்பேட்டுக்கு ஒரு செவிலியர் பொறுப்பு. அவர் விடுப்பில் இருந்தால் யார் பொறுப்பு என்பதும் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இப்பணியைக் கணினியும் செய்யும். ஆனால், பொறுப்பு யாருடையது என்பதை முடிவு செய்யாத இடத்தில் கணினியாலும் பயனில்லை.

தொலைபேசி எண்ணிலும் ஒரு பாடம் கற்றோம். நோயாளி கொடுக்கும் எண் பெரும்பாலும் மகனுடையதாக இருக்கும். மகனோ ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ தொழிற்சாலைப் பணிமுறையில் இருப்பார். வேலை நேரத்தில் அவர் கைப்பேசியை எடுக்க இயலாது. ஆகவே இரண்டு எண்களைக் கேட்கிறோம். ஒன்று பகலில் வீட்டில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டாருடைய எண்ணானாலும் சரி. ஆனால், அத்தகைய எண்ணில் பேசும்போது நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், “மருத்துவமனையை அழைக்கச் சொல்லுங்கள்” என்று மட்டுமே கூறுவோம். உங்கள் நோய் உங்களுக்கும் நீங்கள் விரும்புவோருக்கும் மட்டுமே உரிய செய்தி.

உங்கள் உரிமையும் உங்கள் பங்கும்

இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டுத் தொழில் நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்றாண்டுகள் காத்துவைக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டன. ஆகவே, “எழுத்துப் புரியவில்லை, திரும்ப எழுதித் தாருங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அப்படிக் கேட்பவர் எங்களையும் பிழையிலிருந்து காக்கிறார்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சிலவே:

1. பழைய சீட்டுகள், பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் நாள்வரிசையில் ஒரே பையில் வைத்திருங்கள். மஞ்சள் பையே போதும். ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டுவாருங்கள்.

2. மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றுள் முதன்மையான இரண்டை வீட்டிலேயே எழுதி வாருங்கள். அறைக்குள் நுழைந்ததும் அவற்றைச் சொல்லுங்கள். எழுந்து கதவருகே சென்ற பிறகு அல்ல.

3. சித்த மருந்து, நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை என எதையும் மறைக்காதீர்கள். நாங்கள் கடிந்துகொள்வோம் என்ற அச்சம் வேண்டா.

4. ஒதுக்கிய நேரத்துக்கு வர இயலாவிட்டால் முன்னதாகத் தெரிவியுங்கள். அந்த இடம் இன்னொருவருக்குப் பயன்படும்.

5. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் புறப்படும் முன், “முடிவு எப்போது வரும்? யார் சொல்வார்கள்? எந்த எண்ணில்?” என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெறாமல் செல்லாதீர்கள்.

இவற்றுள் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமாயின், கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் வராதது நல்ல தகவல் ஆகாது. சொன்ன நாளில் எங்களிடமிருந்து அழைப்பு வரவில்லையென்றால், எல்லாம் நலம் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மறுநாளே அழைத்துக் கேளுங்கள். அதைத் தொந்தரவாக நாங்கள் கருதமாட்டோம். எங்கள் குறிப்பேட்டில் மூன்றாவது கட்டம் நிரம்பாமல் கிடக்கிறது என்பதை எங்களுக்கு நினைவூட்டும் உதவி அது.